கங்காரு வாலும் கொப்புளமும்

கொலாஜன் என்றதும் இப்போது முகத்துக்குப் பூசும் கிரீம்தான் ஞாபகம் வரும். எனக்கு கங்காரு வால். 1950-களில் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் ஜி.என். ராமச்சந்திரன், அருகிலிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தில் கங்காரு வாலின் தசைநாரை வாங்கி எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்தார். 1954-ல் அவரும் கோபிநாத் கர்த்தாவும் 'நேச்சர்' இதழில் சொன்னது இதுதான்: கொலாஜன் மூன்று இழை சேர்ந்த அமைப்பு. மறுவருடம் அதைத் திருத்தி, மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கியிருக்கும் என்றார்கள். நம்ம ஊர் முப்புரிக் கயிறுதான். இழையில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின். அமினோ அமிலங்களிலேயே சின்னது. கயிற்றின் நடுவில் வேறெதற்கும் இடமில்லை. பிணைப்புகளின் எண்ணிக்கையில் ரிச்சும் கிரிக்கும் மாறுபட்டார்கள், முப்புரி நிலைத்துவிட்டது.

அதற்குச் சற்று முன்பு, 1953-ல், அமெரிக்காவில் வால்டர் லீவர் என்ற தோல் மருத்துவர் கொப்புள நோய்களில் ஒன்றைத் தனியாகப் பிரித்தார். பெம்பிகஸில் மேல்தோலுக்குள்ளேயே பிளவு விழும். இவர் பிரித்த 'புல்லஸ் பெம்பிகாய்ட்'டில் மேல்தோல் முழுசாக அடித்தோலை விட்டுக் கிளம்பிவிடும். பெரும்பாலும் வயதானவர்களுக்கு வருவது. முதலில் தாங்க முடியாத அரிப்பு, பிறகு விறைப்பான பெரிய கொப்புளங்கள். 1967-ல், நோயாளியின் சொந்த எதிர்ப்புப் புரதங்களே இந்த எல்லையில் போய் ஒட்டுவது தெரிந்தது. எதில் ஒட்டுகின்றன? 1990-களின் தொடக்கத்தில் மரபணுவைப் படித்தபோது விடை வந்தது: அதுவும் ஒரு கொலாஜன், பதினேழாவது வகை. மேல்தோல் செல்லில் ஒரு காலும் வெளியே முப்புரி வாலுமாக நிற்கும் ஆணி. தாக்குதல் பெரும்பாலும் முப்புரியின் மேல் அல்ல, செல்லை ஒட்டிய அதன் அடிப்பக்கத்தில். எதிர்ப்புப் புரதம் ஒட்டியதும் வெள்ளை அணுக்கள் கூடி, அழற்சி மூண்டு, பிடிப்பு அறுகிறது.

இதையெல்லாம் நான் தேடிப் படித்தது தென்காசிப் பக்கத்து வழக்கம் ஒன்றால். வயதானவர் உடம்பில் கொப்புளம் கண்டால் அக்கி என்று காவி எழுதுவார்கள். "அருவியில நாலு நாள் தலையைக் காட்டுனா போயிரும்லா" என்று குற்றாலத்துக்குக் கூட்டிப்போவதும் உண்டு. சீசன் நெரிசலில், உடைந்த கொப்புளத்தோடு! கிருமி புக அதைவிட நல்ல வழி வேண்டாம். அதைவிடக் கொடுமை, ஒட்டிக்கொள்ளுமோ என்று அவருக்குத் தட்டும் டம்ளரும் தனியாகிவிடும். இது ஒட்டாது. ஒருவர் உடம்பு தன் கொலாஜனோடு போடும் சண்டை அடுத்தவருக்கு எப்படிப் பரவும்?

கண்டுபிடிக்க, கொப்புளத்தை ஒட்டிய நல்ல தோலில் ஒரு துணுக்கு எடுத்து ஒளிரும் சாயம் போட்டுப் பார்ப்பார்கள். மேல்தோலும் அடித்தோலும் சேரும் இடத்தில் பச்சையாக ஒரே ஒரு கோடு தெரியும். அதன்பிறகு ஸ்டீராய்டு, பல பேருக்குக் களிம்பே கேட்கும்.