ஹர்லிங்: ஊர்க் கழகங்களின் வரலாறும் சவால்களும்

ஹர்லிங், அயர்லாந்தின் மரபு விளையாட்டுகளுள் முதன்மையானது. நுனி அகன்ற மர மட்டையையும் சிறிய தோல் பந்தையும் கொண்டு ஆடப்படுகிறது. 2018-ஆம் ஆண்டு யுனெஸ்கோ இதனை மானுடத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அகில அயர்லாந்து இறுதிப்போட்டி நாளன்று 82,300 பேர் அமரக்கூடிய டப்ளின் குரோக் பார்க் அரங்கம் நிரம்பி வழியும். ஆனால் அந்தக் கூட்டத்தை மட்டும் பார்த்து ஆட்டத்தின் நிலையை மதிப்பிட முடியாது. அயர்லாந்தின் சில கவுண்டிகளில் ஹர்லிங் ஒரு சில ஊர்க் கழகங்களின் உழைப்பால்தான் நிலைத்திருக்கிறது. இதற்கான காரணங்கள் அதன் வரலாற்றில் உள்ளன.

ஆட்ட முறை

அணிக்கு 15 பேர் ஆடுவர். ஆடுகளம் 130 முதல் 145 மீட்டர் நீளமும் 80 முதல் 90 மீட்டர் அகலமும் கொண்டது. இருமுனைகளிலும் உயர்ந்த இரு கம்பங்களும் அவற்றை இணைக்கும் குறுக்குக் கம்பமும் உண்டு. குறுக்குக் கம்பத்தின் மேலே பந்து சென்றால் ஒரு புள்ளி. கீழே வலைக்குள் சென்றால் கோல், அதாவது மூன்று புள்ளிகள். மட்டைக்கு ஐரிஷ் மொழியில் 'கமான்' என்றும் பந்துக்கு 'ஸ்லிட்டர்' என்றும் பெயர். ஹாக்கியைப் போலப் பந்து தரையிலேயே ஓடுவதில்லை. தரையில் கிடக்கும் பந்தை மட்டையால் எடுத்து, கையில் பிடித்து, மேலே எறிந்து, ஓட்டத்திலேயே அடிப்பர். மட்டை நுனியில் பந்தைத் தாங்கியபடி ஓடுவதும் உண்டு. பெண்கள் ஆடும் வடிவம் 'கமோகி' எனப்படுகிறது. அதற்கான சங்கம் 1904-இல் தோன்றியது.

பழங்காலமும் தடைச் சட்டங்களும்

ஐரிஷ் தொன்மக் கதைகளில் வீரன் கூ ஹுலின் சிறுவனாக இருந்தபோது, தன்னைத் தாக்க வந்த வேட்டை நாயை ஹர்லிங் மட்டையாலும் பந்தாலும் கொன்றதாகச் சொல்லப்படுகிறது. அயர்லாந்தில் குடியேறிய ஆங்கிலேயர்கள் உள்ளூர்ப் பழக்கங்களில் கலந்துவிடாமல் இருக்க 1366-இல் கில்கென்னிச் சட்டங்கள் இயற்றப்பட்டன. அவை குடியேறிகள் ஹர்லிங் ஆடுவதைத் தடுத்து, வில்வித்தை பழகுமாறு கூறின. 1527-இல் கால்வே நகரமும் இவ்வாட்டத்துக்குத் தடை விதித்தது. 1695-ஆம் ஆண்டின் ஞாயிறு அனுசரிப்புச் சட்டம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஹர்லிங் ஆடுவதைத் தடை செய்தது. இத்தனை தடைகளையும் மீறி ஆட்டம் தொடர்ந்தது.

18-ஆம் நூற்றாண்டில் தெற்கிலும் லென்ஸ்டரின் சில பகுதிகளிலும் நிலவுடைமையாளர்களே அணிகளைத் திரட்டிப் பந்தயம் கட்டி ஆடவைத்தனர். மட்டையால் பந்தை எடுத்துக் கையாளும் கோடை ஆட்டம் அங்கு வளர்ந்தது. வடக்கில் தரையிலேயே பந்தை அடித்து ஓட்டும் குளிர்கால ஆட்டம் வழங்கியது. இன்றைய ஹர்லிங் தெற்கத்திய வடிவிலிருந்து வளர்ந்ததாகும்.

சரிவு

1798-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்கும், அயர்லாந்தை பிரிட்டனோடு இணைத்த 1801-ஆம் ஆண்டு ஏற்பாட்டுக்கும் பிறகு நிலவுடைமையாளர்களின் ஆதரவு விலகியது. மக்கள் பெருங்கூட்டமாகக் கூடுவதை ஆட்சியாளர்கள் ஐயத்தோடு பார்த்தனர். 1845-இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் இறந்தனர். அதே அளவினர் நாட்டைவிட்டு வெளியேறினர். ஆடவேண்டிய இளைஞர்களே இல்லாமற்போனதால் பல ஊர்களில் ஆட்டம் நின்றது. பஞ்சத்துக்குப் பிந்தைய முப்பது ஆண்டுகளில் ஹர்லிங் சில பகுதிகளில் மட்டும், ஊருக்கு ஒரு விதியோடு, எஞ்சியிருந்தது.

ஓர் ஆசிரியரின் மீட்பு முயற்சி

மைக்கேல் கியூசக் 1847-இல், பஞ்சத்தின் மிகக் கொடிய ஆண்டில், கிளேர் கவுண்டியின் காரன் என்னும் ஊரில் பிறந்தார். பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிப் பின்னர் டப்ளினில் அரசுப்பணித் தேர்வுகளுக்கு மாணவரை ஆயத்தம் செய்யும் பயிற்சிக்கூடம் ஒன்றை நடத்தினார். 1883-இல் டப்ளினில் ஹர்லிங் கழகம் ஒன்றைத் தொடங்கினார். 1884-ஆம் ஆண்டு ஈஸ்டர் திங்களன்று கால்வே கவுண்டியின் பாலினஸ்லோ சந்தைத் திடலில் அவரது அணி கில்லிமோர் ஊர் அணியோடு மோதியது. இரு தரப்பும் அறிந்த விதிகள் வேறு வேறாக இருந்ததால் ஆட்டம் முறையாக முடியவில்லை. ஆட்டத்தைக் காப்பாற்றப் பொது விதிகளும் பொது அமைப்பும் தேவை என்பது அங்கு தெளிவாயிற்று.

அதே ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் டிப்பரரி கவுண்டியின் தர்லஸ் நகரில், ஹேய்ஸ் விடுதியில் கூடிய சிலர் கேலிக் தடகளச் சங்கத்தை நிறுவினர். மாரிஸ் டேவின் முதல் தலைவரானார். சங்கம் கிறித்தவப் பங்கை அடிப்படை அலகாகக் கொண்டது. ஒருவர் எந்தப் பங்கில் வாழ்கிறாரோ அந்த ஊர்க் கழகத்துக்கே ஆடுவார். ஆட்டக்காரருக்கு ஊதியம் இல்லை. முதல் அகில அயர்லாந்துப் போட்டித்தொடர் 1887-ஆம் ஆண்டுக்கானது. அதன் இறுதியாட்டம் 1888 ஏப்ரல் 1 அன்று பர் நகரில் நடைபெற்றது. டிப்பரரியின் தர்லஸ் அணி கால்வேயின் மீலிக் அணியை வென்றது. அக்காலத்தில் அணிக்கு 21 பேர் ஆடினர். அது 1892-இல் 17 ஆகவும், 1913-இல் 15 ஆகவும் குறைக்கப்பட்டது.

விரியாத நிலப்படம்

சங்கம் நாடெங்கும் பரவியது. ஹர்லிங் அவ்வாறு பரவவில்லை. 1887 முதல் 2025 வரை 138 வாகையர் பட்டங்கள் வெல்லப்பட்டுள்ளன. அவற்றுள் கில்கென்னி 36, கார்க் 30, டிப்பரரி 29 என மூன்று கவுண்டிகளே 95 பட்டங்களைப் பெற்றுள்ளன. வடக்கிலுள்ள அல்ஸ்டர் மாகாணத்தின் ஒன்பது கவுண்டிகளில் ஒன்றுகூட இப்பட்டத்தை வென்றதில்லை. ஆன்ட்ரிம் மட்டும் 1943, 1989 ஆகிய ஆண்டுகளில் இறுதியாட்டம் வரை சென்றது. அங்கும் ஹர்லிங் வடகிழக்குப் பள்ளத்தாக்கு ஊர்களை ஒட்டியே வலுவாக இருக்கிறது. டவுன் கவுண்டியில் அது ஆர்ட்ஸ் தீபகற்பத்தின் சில ஊர்களைச் சார்ந்துள்ளது.

18-ஆம் நூற்றாண்டில் கோடை ஆட்டம் செழித்த பகுதிகளும் இன்றைய வலுவான கவுண்டிகளும் பெரும்பாலும் ஒன்றே. வலுவான கவுண்டியிலும் இடைவெளி நீளக்கூடும். கியூசக்கின் சொந்த மாவட்டமான கிளேர் 1914-இல் பட்டம் வென்றபின் அடுத்த பட்டத்துக்காக 1995 வரை காத்திருந்தது.

அடித்தளச் சவால்கள்

கற்கும் வயது: ஹர்லிங்கின் அடிப்படைத் திறன்கள் கைக்கும் கண்ணுக்குமான ஒத்திசைவைச் சார்ந்தவை. சிறுவயதிலேயே மட்டையைப் பிடிக்காதவர் பின்னாளில் கற்பது கடினம். கில்கென்னியில் குழந்தை நடக்கத் தொடங்கும்போதே வீட்டில் மட்டை கிடக்கும். தந்தையோ அத்தையோ பந்தைப் போட்டு ஆடுவர். அந்தச் சூழல் இல்லாத ஊரில் அத்தனையையும் கழகமே கற்றுத்தர வேண்டியிருக்கிறது. கற்றுத்தரத் தெரிந்தவர் ஒருவர் ஊரைவிட்டுப் போனால் ஒரு தலைமுறை விடுபட்டுப்போகிறது.

கேலிக் கால்பந்து: இதே சங்கம் நடத்தும் மற்றொரு ஆட்டம் கேலிக் கால்பந்து. அதற்கு ஒரு பந்து போதும், விரைவில் பழகலாம். ஹர்லிங்குக்கு ஒவ்வொருவருக்கும் மட்டையும் தலைக்கவசமும் தேவை. மட்டைகள் அடிக்கடி உடையும். வயதுவந்தோர் ஆட்டத்திலும் 2010 முதல் தலைக்கவசம் கட்டாயமானது. ஒரே திடல், ஒரே பயிற்சி மாலை, ஒரே சிறுவர் கூட்டம் என்னும் நிலையில் பல கழகங்கள் கால்பந்தையே தேர்கின்றன.

மக்கள்தொகை: 1841-இல் லீட்ரிம் கவுண்டியில் 1,55,000-க்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். 2022 கணக்கெடுப்பில் அது ஏறத்தாழ 35,000. கல்விக்கும் வேலைக்கும் இளைஞர்கள் டப்ளினுக்கோ வெளிநாட்டுக்கோ செல்லும்போது ஊர்க் கழகத்தால் 15 பேரைத் திரட்ட முடிவதில்லை. ஆள்குறைந்த அணிகளாக ஆடுவதும் அயல் பங்கோடு இணைவதும் வழக்கமாகின்றன. தலைமுறைகளாகப் போட்டியிட்ட இரு ஊர்கள் ஒரே சட்டையை அணிவதை முதியவர்கள் எளிதில் ஏற்பதில்லை. இணையாவிட்டால் சிறுவர்களுக்கு ஆட்டமே இல்லை. நகர்ப்புறத்தில் சிக்கல் நேர்மாறானது: சிறுவர் மிகுதி, திடல் குறைவு.

மட்டையும் மரமும்: மட்டை ஆஷ் என்னும் மரத்தால் ஆனது. வேர் விரியும் அடிப்பகுதியில் மரநார் இயல்பாக வளைந்திருப்பதால் மட்டையின் வளைவு அங்கிருந்தே கிடைக்கிறது. எனவே அடிமரத்தின் ஒன்றேகால் மீட்டர் அளவே இதற்குப் பயன்படும். மரம் அதற்குத் தகுதிபெற ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆகும். 2012-இல் ஆஷ் மரங்களைக் கருகச் செய்யும் பூஞ்சை நோய், இறக்குமதி செய்யப்பட்ட கன்றுகளில், லீட்ரிமில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அது நாடெங்கும் பரவிவிட்டது. முன்பே வெளிநாட்டு மரத்தை நம்பியிருந்த மட்டைத் தொழில் மேலும் நெருக்கடிக்கு உள்ளானது. மூங்கிலாலும் செயற்கைப் பொருளாலும் ஆன மட்டைகள் இப்போது களத்துக்கு வந்துள்ளன.

ஆட்டப் பருவம்: நெடுங்காலம் அகில அயர்லாந்து இறுதியாட்டம் செப்டம்பரில் நடந்தது. கவுண்டி அணியின் அட்டவணைக்காக ஊர்க் கழக ஆட்டங்கள் மாதக்கணக்கில் தள்ளிவைக்கப்பட்டன. பருவம் இரண்டாகப் பிரிக்கப்பட்டபின், 2022 முதல் இறுதியாட்டம் ஜூலையிலேயே முடிகிறது; மீதிக் காலம் கழகங்களுக்கு உரியது. இதனால் ஊர் ஆட்டக்காரருக்குத் தம் ஆட்டநாள் முன்கூட்டியே தெரிகிறது. மறுபுறம், ஆண்டின் பிற்பாதியில் ஹர்லிங் சிறுவர் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது என்ற குறையும் கூறப்படுகிறது.

2023-ஆம் ஆண்டு விவாதம்

2023-இன் இறுதியில் சங்கத்தின் போட்டிக் குழு ஒரு முன்மொழிவை வைத்தது. ஐந்துக்கும் குறைவான வயதுவந்தோர் ஹர்லிங் கழகங்களைக் கொண்ட கேவன், ஃபெர்மனா, லீட்ரிம், லாங்ஃபோர்ட், லவுத் ஆகிய கவுண்டிகளைத் தேசிய லீக் போட்டியிலிருந்து நீக்கி, அதற்கான செலவை ஊரளவில் ஆட்டத்தை வளர்க்கப் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம்.

இதில் ஓரளவு நியாயம் இருந்தது. ஃபெர்மனாவில் வயதுவந்தோர் கழகமாக லிஸ்பெல்லா ஒன்றே நீண்டகாலம் இயங்கிவந்தது. ஒரு கழகத்தை வைத்துக் கவுண்டி அணியை நடத்துவதைவிடப் பத்துப் பள்ளிகளில் மட்டை வழங்குவது மேல் என்று கருத இடமுண்டு. எதிர்த்தவர்களின் கேள்வி வேறு: கவுண்டிச் சட்டை அணியும் வாய்ப்பே இல்லையென்றால், கால்பந்து ஊரில் ஒரு சிறுவன் எதற்காக ஹர்லிங் மட்டையை எடுப்பான்? கடும் எதிர்ப்புக்குப் பின் முன்மொழிவு கைவிடப்பட்டது. 2024-இல் ஹர்லிங் வளர்ச்சிக்கெனத் தேசிய அளவில் தனித் தலைமைப் பொறுப்பு உருவாக்கப்பட்டது.

லீட்ரிமும் ஆஃபலியும்

வலிமைக்கேற்பக் கவுண்டிகள் இன்று பல அடுக்குகளாக ஆடுகின்றன. 2005-இல் கிறிஸ்டி ரிங் கோப்பையும் நிக்கி ராக்கார்ட் கோப்பையும், 2009-இல் லோரி மாஹர் கோப்பையும், 2018-இல் ஜோ மெக்டோனா கோப்பையும் தொடங்கப்பட்டன. இவற்றுள் கடைநிலையான லோரி மாஹர் கோப்பையை 2019-இல் லீட்ரிம் வென்றது. குரோக் பார்க்கில் நடந்த அந்த இறுதியாட்டத்தில் லங்காஷயர் அணியைக் கூடுதல் நேரத்தில் ஒரே புள்ளியில் முந்தியது. வென்ற அணியில் ஸாக் மொராடியும் இருந்தார். குர்து இனப் பெற்றோருக்கு ஈராக்கின் ரமாதி அகதி முகாமில் பிறந்து, 2002-இல் குடும்பத்தோடு லீட்ரிமில் குடியேறியவர் அவர். வீட்டில் எந்த ஹர்லிங் மரபும் இல்லாத ஒரு சிறுவனை, ஹர்லிங் மெலிந்த ஒரு கவுண்டியின் அடித்தள அமைப்பு குரோக் பார்க் வரை கொண்டுசென்றது.

ஆஃபலி மற்றொரு சான்று. ஏறத்தாழ 83,000 மக்களைக் கொண்ட இச்சிறு கவுண்டி 1981, 1985, 1994, 1998 ஆகிய ஆண்டுகளில் தேசியப் பட்டம் வென்றது. சிறுவர் பயிற்சியில் நேர்ந்த தொய்வு இருபது ஆண்டுகளுக்குப் பின் முதியோர் அணியில் தெரிந்தது. 2019-இல் ஆஃபலி மூன்றாம் அடுக்குக்கு இறங்கியது. அதன்பின் இளையோரிடமிருந்து மீண்டும் தொடங்கியது. 2021-இல் கிறிஸ்டி ரிங் கோப்பையையும், 2024-இல் ஜோ மெக்டோனா கோப்பையையும் வென்றது. அதே 2024-இல் 20 வயதுக்குட்பட்டோர் அகில அயர்லாந்துப் பட்டமும் கிடைத்தது.

பள்ளியும் தன்னார்வலரும்

தொடக்கப்பள்ளி விளையாட்டுகளை நடத்தும் 'குமன் ந மன்ஸ்கல்' அமைப்பு ஆசிரியர்களின் தன்னார்வ உழைப்பால் இயங்குகிறது. பள்ளி விட்டபின் திடலில் நிற்பதற்கு அவர்களுக்குத் தனி ஊதியம் இல்லை. 1971-இல் தொடங்கிய 'ஃபேல ந நேல்' இளையோர் விழாவில் பல ஊர்க் கழகங்களின் சிறுவர்கள் ஒருங்கே கூடி ஆடுகின்றனர். சிறுவர்களுக்குச் சிறிய அணிகளும், எல்லோரும் களமிறங்கும் விதியும், எளிதில் கட்டுப்படும் மென்பந்தும் பின்னர் வந்தன. தனியே பந்தடித்துப் பழகச் சுவர்களைப் பல கழகங்கள் கட்டியுள்ளன. கோடை முகாம்களும் நடக்கின்றன.

மதிப்பீடு

ஹர்லிங்கைச் சட்டங்களால் அழிக்க முடியவில்லை. ஆட்களும் கற்பிப்பவர்களும் இல்லாமற்போன பஞ்சகாலமே அதனை ஏறத்தாழ அழித்தது. 1884-இல் அதனை மீட்டவர் ஓர் ஆசிரியர் என்பதும், இன்று நலிந்த கவுண்டிகளில் அதனைத் தாங்குவோரில் பலர் ஆசிரியர்களும் பெற்றோரும் என்பதும் தற்செயல் அல்ல. லீட்ரிமிலும் ஆஃபலியிலும் பயன் தெரிவதற்குப் பல ஆண்டுகள் ஆயின. ஓராண்டுத் திட்டமும் ஓராண்டு நிதியும் இதற்குப் போதா. ஏழு வயதுக் குழந்தையின் கையில் மட்டையைக் கொடுத்து, அடுத்த வாரமும் அதே திடலுக்கு வருகிற ஒருவர் ஊருக்கு ஊர் இருக்கும்வரை ஹர்லிங் வாழும். அவ்வாறானவரைக் கண்டறிந்து துணைநிற்பதே கேலிக் தடகளச் சங்கத்தின் முன்னுள்ள முதன்மைப் பணியாகும்.