வாக்கியத்திற்கு ஒரு வரைபடம்



பூகோளம் கற்பிக்கும் ஆசிரியருக்குத் தேசப்படம் உண்டு. வடிவ கணிதம் கற்பிப்பவருக்கு முக்கோணமும் வட்டமும் உண்டு. இலக்கணம் கற்பிப்பவருக்கு மட்டும் கரும்பலகையில் வரைந்து காட்ட ஒன்றுமே இல்லையா? இக்கேள்வி 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க நாட்டுப் பள்ளிக்கூடங்களில் எழுந்தது. அங்கிருந்த ஆசிரியர் சிலர் அதற்குக் கண்ட விடைதான், ஆங்கில வாக்கியத்தைக் கோடுகளால் வரைந்து காட்டும் முறை. அதன் வரலாற்றையும், அதனால் விளைந்த பயனையும் இன்று சிறிது ஆராய்வோம்.

அம்முறை தோன்றுவதற்கு முன் இலக்கணப் பாடம் எவ்வாறு நடந்தது என்பதை முதலில் அறிதல் வேண்டும். அமெரிக்காவில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய லிண்ட்லி மர்ரே என்பவர் 1795ஆம் ஆண்டில் ஓர் ஆங்கில இலக்கண நூலை வெளியிட்டார். இலத்தீன் இலக்கணத்தின் வார்ப்பில் அமைந்த அந்நூல் இரு நாடுகளிலும் நெடுங்காலம் பாடநூலாக விளங்கிற்று. மாணவன் எழுந்து நின்று, ஒரு வாக்கியத்தின் சொற்களை வரிசையாக எடுத்துக்கொண்டு, இது பெயர்ச்சொல், இது படர்க்கை, இது ஒருமை, இது முதல் வேற்றுமை என்று ஒப்பிப்பான். சொல்லிலக்கணம் கூறுதல் என்பது அதற்குப் பெயர். ஒவ்வொரு செங்கல்லையும் எண்ணிச் சொல்லத் தெரிந்தவன், அவ்வீட்டின் வாயில் எத்திசையில் உள்ளது என்று அறியாதிருத்தல் கூடும். அம்மாணவர் பலரின் நிலையும் அதுவே.

இக்குறையைப் போக்க முன்வந்தவர்களுள் ஒருவர் ஸ்டீபன் வாட்கின்ஸ் கிளார்க். நியூயார்க் மாநிலத்தில் பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்த இவர், 1847ஆம் ஆண்டில் ஒரு செயல்முறை இலக்கண நூலை வெளியிட்டார். வாக்கியத்தின் ஒவ்வொரு சொல்லையும் நீள்வட்டக் கூடு ஒன்றினுள் எழுதி, எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் ஆகியவற்றின் கூடுகளை ஒரே வரிசையில் ஒட்டிவைத்து, அடைமொழிகளின் கூடுகளை அவற்றின் கீழே தொங்கவிட்டார். எந்தச் சொல் எந்தச் சொல்லைச் சார்ந்து நிற்கிறது என்பது கண்ணுக்குப் புலனாயிற்று. ஆயினும் வாக்கியம் சற்றே நீண்டுவிட்டால், படம் குமிழிகளின் குவியலாகக் காட்சியளித்தது. வரைவதற்கும் பொழுது மிகுதியாயிற்று.

முப்பது ஆண்டுகள் கழிந்தன. புரூக்ளின் நகரத்துப் பாலிடெக்னிக் கல்விக்கூடத்தைச் சேர்ந்த அலான்ஸோ ரீட், பிரெய்னர்டு கெல்லாக் என்னும் ஆசிரியர் இருவர், 1877ஆம் ஆண்டில் 'ஹையர் லெஸன்ஸ் இன் இங்கிலீஷ்' என்ற நூலை இயற்றினர். அவர்கள் கூடுகளைக் களைந்துவிட்டுக் கோடுகளை மட்டும் வைத்துக்கொண்டனர். முறை மிக எளியது.

முதலில் கிடையாக ஒரு கோடு. அதன் இடப்புறம் எழுவாய், வலப்புறம் பயனிலை. இரண்டையும் பிரிப்பதற்கு, கிடைக்கோட்டை ஊடறுத்துச் செல்லும் ஒரு குத்துக்கோடு. பயனிலைக்கு அப்பால் செயப்படுபொருள் இருப்பின், இடையே ஒரு சிறு குத்துக்கோடு வரும். ஆனால் அது கிடைக்கோட்டின் மேலேயே நின்றுவிடும், ஊடறுக்காது. பெயரடையும் வினையடையும் தத்தம் தலைச்சொல்லின் கீழே சாய்ந்த கோடுகளில் எழுதப்படும். துணை வாக்கியம் ஒன்று வந்தால், அதற்கென ஒரு தனிக் கிடைக்கோடு வரைந்து, புள்ளிக்கோட்டினால் முதன்மை வாக்கியத்தோடு இணைப்பர். 'வா' என்னும் ஏவலில் எழுவாய் வெளிப்படையாக இல்லை. எனினும் அதற்குரிய இடம் படத்தில் விடப்பட்டிருக்கும். இடம் காலியாக இருப்பதைக் கண்ட மாணவன், அங்கே 'நீ' மறைந்திருக்கிறது என்று தானே உணர்வான்.

சொற்களின் வரிசையைப் படம் கலைத்துவிடுகிறதே என்று அக்காலத்தில் சிலர் குறை கூறினர். அது குறையன்று, நிறையே என்று நூலாசிரியர்கள் தம் முன்னுரையில் விடையிறுத்தனர். எழுத்தில் அமைந்த வரிசையை ஊடுருவி, கருத்தின் வரிசையைக் காண மாணவன் கற்கிறான் என்பது அவர்களுடைய வாதம். தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. நன்னூல் எட்டு வகைப் பொருள்கோள்களைக் கூறுகிறது. செய்யுளில் ஆங்காங்கே நிற்கும் சொற்களைக் கொண்டுகூட்டிப் பொருள் காண்பது நம் உரையாசிரியர்களின் வழக்கம். ஒன்றிலிருந்து மற்றொன்று தோன்றியது என்று நான் சொல்லவில்லை; தேவை ஒன்றானால் வழியும் ஒத்து அமைவது இயல்பு.

இங்கிலாந்திலோ வேறொரு முறை நிலைபெற்றது. கல்வி மேற்பார்வையாளரான ஜே. டி. மோரெல், ஜெர்மானிய அறிஞர் பெக்கரின் கருத்துக்களைத் தழுவி, 1852இல் வாக்கியப் பகுப்பு பற்றி ஒரு நூல் எழுதினார். ஆங்கிலேயர் வழியாக நம் நாட்டிற்கு வந்தது இவ்வகைப் பகுப்பே. நெஸ்ஃபீல்டின் இலக்கணத்திலும், பின்னர் ரென்–மார்ட்டின் நூலிலும் வாக்கியங்கள் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டதை நம்மில் பலர் பயின்றிருக்கிறோம். கட்டம் பிரித்துக் காட்டும். ஆனால் பிரிந்தவை எவ்வாறு ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன என்பதைக் கோட்டுப்படமே கண்முன் நிறுத்தும்.

ஆசிரியப் பயிற்சிக்குப் பின் நான் தேடிக் கற்ற இம்முறையை, கிராமப் பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்குக் கற்பித்ததுண்டு. அவர்களுள் ஒரு மாணவிக்குக் கல்வி உதவித்தொகை பற்றிய அறிவிப்பு ஒன்று ஆங்கிலத்தில் வந்தது. ஒரே வாக்கியம், ஐந்து வரி. ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியில் பொருள் கண்டிருந்தாள்; எனினும் விண்ணப்பிக்கத் தனக்குத் தகுதி உண்டா, இல்லையா என்பது விளங்கவில்லை. கரும்பலகையில் அதை வரையச் சொன்னேன். முதற்கோட்டில் எழுவாயும் பயனிலையும் அமர்ந்தன. 'சான்றிதழ் இணைக்கப்பட்டாலன்றி' என்ற துணை வாக்கியம், பயனிலையின் கீழே புள்ளிக்கோட்டில் வந்து தொங்கியது. உடனே அவள், "ஐயா, தேதி தாண்டினாலும் சான்றிதழ் இருந்தால் எடுத்துக்கொள்வார்களாம்!" என்றாள். அன்று மாலையே சான்றிதழுக்காகத் தந்தையுடன் வட்டாட்சியர் அலுவலகத்திற்குச் சென்றாள். இலக்கணம் தேர்வுக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

அமெரிக்கப் பள்ளிகளில் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இக்கோட்டுப்படம் பரவலாகக் கற்பிக்கப்பட்டது. எழுத்தாளர் கெர்ட்ரூட் ஸ்டைன் இளமையில் இதில் பெரிதும் ஈடுபட்டு மகிழ்ந்தவர். பிறகு காற்று திசைமாறியது. 1963ஆம் ஆண்டில் அந்நாட்டு ஆங்கில ஆசிரியர் தேசிய மன்றம் வெளியிட்ட ஆய்வறிக்கை ஒன்று, இலக்கணத்தைத் தனியே கற்பிப்பது கட்டுரைத் திறனை வளர்ப்பதில்லை என்றும், எழுதிப் பழகும் நேரத்தை அது கவர்ந்துகொள்வதால் தீங்கும் நேரலாம் என்றும் கூறியது. 1985இல் அம்மன்றமே தனித்த இலக்கணப் பயிற்சிகளுக்கு எதிராகத் தீர்மானமும் நிறைவேற்றியது. கோடுகள் வகுப்பறைகளிலிருந்து மெல்ல மறையலாயின.

அவ்வறிக்கையை நான் மறுக்கவில்லை. படம் வரைந்தவன் எல்லாம் எழுத்தாளன் ஆகிவிட மாட்டான். ஆனால் தூக்குக்குண்டு சுவர் எழுப்பவில்லை என்று அதன்மேல் குற்றம் சாட்டலாமா? சுவர் நேராக நிற்கிறதா என்று பார்ப்பதே அதன் வேலை. கோட்டுப்படத்தின் வேலையும் வாக்கியத்தைச் சோதிப்பதே. 'தொலைநோக்கியோடு இருந்த மனிதனைக் கண்டேன்' என்றும், 'தொலைநோக்கியின் உதவியால் மனிதனைக் கண்டேன்' என்றும் இருபொருள்படும் ஆங்கில வாக்கியம் ஒன்று உண்டு. அதை வரையத் தொடங்கியவன், தொலைநோக்கியை 'மனிதன்' என்ற சொல்லின் கீழே தொங்கவிடுவதா, 'கண்டேன்' என்ற சொல்லின் கீழே தொங்கவிடுவதா என்று முடிவு செய்தே தீரவேண்டும். மழுப்புவதற்கு அங்கே இடமில்லை. கோடு வரையும் கைக்கு முன்னதாகக் கருத்து தெளிய வேண்டும். அதுவே இப்பயிற்சியின் சிறப்பு.

மொழியியல் அறிஞர்களும் படத்தைக் கைவிடவில்லை. நோம் சாம்ஸ்கி 1957இல் வெளியிட்ட நூலில் வாக்கியம் கிளைவிட்ட மரமாகக் காட்டப்பட்டது. பிரெஞ்சு அறிஞர் லூசியன் டெனியேர் 1954இல் மறைந்த பின், 1959இல் வெளிவந்த அவருடைய நூல், வினைச்சொல்லை உச்சியில் வைத்து மற்றவற்றை அதன் கீழே தொங்கவிட்டது. முறைகள் வேறு, ஆயினும் வாக்கியம் என்பது சொற்களின் வரிசை மட்டுமன்று, சார்பினால் கட்டப்பட்ட ஓர் அமைப்பு என்ற உண்மையில் அனைவரும் ஒன்றுபடுகின்றனர்.

ஆகவே, ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாள்தோறும் படம் வரையச் சொல்லி மாணவரை வாட்ட வேண்டா. வாரத்திற்கு ஒரு வாக்கியம் போதும். அது பாடநூலிலிருந்து மட்டுமன்றி, மாணவர் வீட்டிற்கு வரும் அறிவிப்பிலிருந்தும் எடுக்கப்படட்டும். பிறர் படித்துப் பொருள் சொல்லக் காத்திருக்கும் நிலை அவர்களுக்கு வேண்டா. ஒரு கிடைக்கோடும் ஒரு குத்துக்கோடும் வரைய ஒரு துண்டுச் சுண்ணக்கட்டி போதும்.