நந்தா விளக்கு

மக்கள் தம் வாழ்வில் வேண்டுவன பலவாயினும், அவற்றுள் நம்பிக்கையும் பொறுமையும் நிலைத்த வெற்றியும் தலையாயவை. இவற்றை விரும்பாதார் ஒருவரும் இலர். பெற்றாரோ மிகச் சிலர். அதற்குக் காரணம் யாதெனின், இவை ஏதோ ஒரு பெருஞ்செயலால் ஒரு நாளிற் கைகூடுவன என்று பலரும் கருதி மயங்குதலேயாம். நாடோறும் தவறாது செய்யப்படும் சிறு செயலின்கண் இவை மூன்றும் அடங்கியுள்ளன என்னும் உண்மை எளிதில் உள்ளத்திற் படுவதன்று. இவ்வுண்மையைத் தமிழ்நாட்டுச் சைவ மக்கள் நூலில் எழுதியதோடு அமையாது கல்லிலும் எழுதி வைத்துச் சென்றனர். சிவாலயங்களின் சுவர்களிலும் அதிட்டானங்களிலும் காணப்படும் கல்வெட்டுக்களுள் மிகப் பல, திருநந்தா விளக்கு வைத்த செய்தியையே கூறுவன. அரசர்தம் போரும் வெற்றியும் தேடிச் செல்வார் இவற்றை, 'ஒரே செய்தி மீண்டும் மீண்டும் வருகின்றது' என்று கடந்து போவர். அங்ஙனம் மீண்டும் மீண்டும் வருதலே இவற்றின் பெருமை என்பது சிறிது ஆராயின் விளங்கும்.

நந்துதல் என்பது கெடுதல், அவிதல் எனப் பொருள்படும். ஆகவே, நந்தா விளக்காவது இரவும் பகலும் அவியாது திருமுன் எரியும் விளக்கு. இது கல்வெட்டுக்களில் நொந்தா விளக்கு, நுந்தா விளக்கு எனவும் வழங்கும். சந்திப்பொழுதில் மட்டும் எரிவது சந்தி விளக்கு எனப்பட்டது. முழு விளக்குக்கு வேண்டும் பொருள் இல்லாதார் அரை விளக்கு வைத்தலும் உண்டு. 'சந்திராதித்தவல்' என்னும் தொடர் இக்கல்வெட்டுக்களில் பயில வருவது. சந்திரனும் சூரியனும் உள்ளளவும் இவ்விளக்கு எரிதல் வேண்டும் என்பது அதன் கருத்து. நூறாண்டு வாழ்தல் அரிதாகிய மனிதன் ஞாயிறும் திங்களும் உள்ளளவும் எரியும் விளக்கொன்றை வைக்கத் துணிதல் எத்துணைப் பெரிய நம்பிக்கை! ஆயினும் அந்நம்பிக்கை வெறும் விருப்பமாய் நின்றுவிடவில்லை. அஃது எங்ஙனம் செயலாயிற்று என்பதே ஈண்டு நோக்கத்தக்கது.

ஒரு நந்தா விளக்குக்கு நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் என்பது சோழர் காலத்துப் பெருவழக்கு. அந்நெய் இடையறாது வருதற்பொருட்டு 96 ஆடுகள் விடப்பட்டன. சிலவிடங்களில் 90 ஆடுகள் விட்டதும் உண்டு. தஞ்சை இராசராசேச்சரத்தில் ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை என்று கணக்கு வகுக்கப்பட்டிருந்தது. ஆடும் பசுவும் கலந்து விடுமிடத்து, ஒரு பசு இரண்டு ஆட்டுக்கு ஈடாக எண்ணப்பட்டது.

இவ்வளவின் நுட்பத்தைக் கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். நான்கு உழக்குக் கொண்டது ஒரு நாழி. ஆகவே ஆண்டொன்றுக்கு, 365 உழக்கு நெய்க்கு 91¼ நாழி ஆகும். 96 ஆடுகளுக்கு இதனைப் பங்கிடின், ஓர் ஆட்டுக்கு ஆண்டு முழுதும் ஒரு நாழி நெய்யும் வாராது. மந்தையின் வலி முழுவதையும் பிழிந்து கொள்ளாது, மிக எளிதிற் கொடுக்கத்தக்க அளவே கேட்கப்பட்டது. எஞ்சிய பாலும் பெருகிய குட்டிகளும் மந்தையை ஓம்பும் இடையனது வாழ்வுக்கு ஆயின. மழை பொய்த்த ஆண்டிலும், நோய் வந்த ஆண்டிலும், அவன் உழக்கு நெய்யை அளந்து கொடுத்தற்கு இடம் இருந்தது. முதல் நாளில் ஒரு நாழி நெய் வார்த்து மறுமாதத்தில் விளக்கை இருளவிடுதலினும், நாடோறும் ஓர் உழக்கு வார்த்தல் மேலானது என்பதை அக்காலத்து மக்கள் நன்குணர்ந்திருந்தனர். பொறுமையாவது தாங்கொணாச் சுமையைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குதல் அன்று. தாங்கக்கூடிய அளவை அறிந்து, அதனை ஒரு நாளும் குறையாது தாங்குதலே பொறுமை என்க.

இனி, இவ்வாடுகளுக்குக் கல்வெட்டுக்கள் இட்ட பெயர் வியப்பைத் தருவது. அவை 'சாவா மூவாப் பேராடு' எனப்பட்டன. சாகாத ஆடும் மூப்படையாத ஆடும் உலகில் உண்டோ எனின், இல்லை. ஆடு சாவின், அல்லது மூத்துப் பயன்படாதாயின், அதன் இடத்தில் மந்தையிற் பிறந்த இளையதொன்றை வைத்து எண்ணிக்கையைக் குறையாது காத்தல் வேண்டும் என்பதே இதன் பொருள். ஒவ்வோர் ஆடும் சாகின்றது, மந்தை சாவதில்லை. ஒவ்வொரு துளி நெய்யும் எரிந்து போகின்றது, சுடர் போவதில்லை. நிலைபேறு என்பது மாறாதிருத்தலால் வருவதன்று, மாறுவதை அவ்வப்போது நிரப்புதலால் வருவது என்னும் அரிய கருத்தை, மந்தை மேய்ப்பாரும் விளங்கிக்கொள்ளத்தக்க மூன்று சொற்களில் அடக்கி வைத்தனர்.

ஆடுகளை ஏற்றுக்கொண்டவர் மன்றாடிகள் எனப்பட்ட இடையர். அவர்தம் கடமை அவர் வழியினர்க்கும் தொடர்ந்தது. தஞ்சைப் பெருங்கோயிலில், ஆடுகளை ஏற்ற இடையர்தம் பெயரும் ஊரும், அவருக்குத் துணைநின்ற உறவினர் பெயரும் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. முதலாம் இராசராசன் தன் 25ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது கி. பி. 1010இல், அத்திருக்கோயில் விமானத்துக்குச் செப்புக் கலசம் அளித்தான். தான் கொடுத்தனவும், தன் தமக்கையும் தேவியரும் கொடுத்தனவும், பிறர் கொடுத்தனவும் ஒருங்கே கல்லில் வெட்டப்பட வேண்டும் என்று கட்டளையிட்டவனும் அவனே. பேரரசன் பெயர் பொறித்த அதே கோயிற் கல்லில், நாடோறும் நெய் கொணரும் இடையனது பெயரும் நிற்கின்றது. கலசம் வைத்தல் ஒரு நாட் செயல். நெய் அளத்தல் என்றும் உள்ள செயல். இரண்டும் வேண்டும் என்பதே அவ்வரசன் கருத்தாதல் தெளிவு. இவ்வறங்களைக் காக்கும் பொறுப்பு ஊர்ச் சபையார்க்கும் பன்மாகேசுவரர்க்கும் உரியதாயிற்று. 'இது பன்மாகேசுவர இரட்சை' என்று முடியும் கல்வெட்டுக்கள் அளவில. ஒருவன் தொடங்கிய நற்செயலைப் பலர் காவாவிடின் அது நில்லாது என்பது இதனாற் பெறப்படும்.

விளக்கு வைத்தார் யாவர் எனின், அரசரும் அரசியரும் மட்டும் அல்லர்; படைவீரர், வணிகர், வேளாளர், பணிப்பெண்டிர் முதலிய பலரும் வைத்துள்ளனர். இவர்களுள், பெரும்பிழையொன்று செய்து மனமுடைந்து நின்றாரும் உளர் என்பது சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. சோழர் காலத்துக் கல்வெட்டுக்கள் சில, வேட்டை மேற்சென்ற ஒருவன் விலங்கைக் குறித்து எய்த அம்பு தவறி மற்றொருவன் மேற்பட, அவன் மாண்ட செய்தியைக் கூறுகின்றன. நாட்டார் கூடி ஆராய்ந்து, கொல்லும் கருத்தின்றி நேர்ந்தமையால் அவன் சாதல் வேண்டா என்றும், இறந்தான் பொருட்டுத் திருக்கோயிலில் விளக்கு வைத்தல் வேண்டும் என்றும் முடிவு கூறினர். போன உயிர் மீளாது. எய்த கையின் துயரும் எளிதில் நீங்காது. ஆயினும், அத்துயரிலே அழிந்தொழியாமல், இறந்தான் பொருட்டு என்றும் எரியும் ஒரு சுடரை ஏற்றும் வழி அவனுக்குக் காட்டப்பட்டது. பிழைபட்டார்க்கும் நாளை உண்டு என்பதை ஊரார் ஒன்றுகூடி உறுதி செய்தனர். நம்பிக்கை என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை. திருமறைக்காட்டிலே, விளக்கின் நெய்யை உண்ணப் புகுந்து அறியாமல் திரியைத் தூண்டிய எலியும் மறுபிறப்பில் மாவலியாயிற்று என்னும் வரலாற்றைப் போற்றுவார்க்கு, அறிந்து விளக்கிடுவான் கைவிடப்படுவான் என்னும் ஐயம் எழாதன்றோ?

மந்தையும் பொருளும் உடையார் விளக்கு வைத்தல் எளிது. அவை இல்லாதார் நிலை யாது? இதற்கு விடை திருத்தொண்டர் வரலாற்றில் உள்ளது. திருவொற்றியூரில் வாழ்ந்த கலிய நாயனார் எண்ணெய் வணிகத்தாற் பெற்ற பெருஞ்செல்வமெல்லாம் திருவிளக்குப் பணியிற் செலவாக வறியரானார். பின்னர்த் தம் மரபினரிடம் எண்ணெய் பெற்று விற்று அக்கூலியால் விளக்கிட்டார். அவர்கள் எண்ணெய் கொடாராகவே, செக்காடும் கூலித்தொழில் செய்து விளக்கிட்டார். அத்தொழிலும் கிடையாதாக, மனையையும் பிறவற்றையும் விற்றார். ஒன்றும் எஞ்சாதபோதே தம் கழுத்தை அரிந்து உதிரத்தை எண்ணெயாக வார்க்கத் துணிந்தார். இறைவன் அவர் கையைப் பற்றினன். தில்லையில் கணம்புல்லை அரிந்து விற்று நெய்பெற்று விளக்கிட்ட கணம்புல்ல நாயனார், புல் விலைபோகாத நாளில் அப்புல்லையே விளக்காக எரித்தார். அது போதாதாகத் தம் திருமுடியையே எரிக்கப் புகுந்தார். திருவாரூர் அரநெறியில் நெய் கேட்ட இடத்தில் இகழப்பட்ட நமிநந்தியடிகள், திருவருளாற் குளத்து நீரை வார்த்தே விளக்கெரித்தார்.

இவ்வரலாறுகளின் முடிவிலுள்ள அற்புதத்தை மட்டும் நோக்குவார் பலர். அதற்கு முன்னர் நிகழ்ந்ததனை நோக்குதல் வேண்டும். கலியர் ஒரு வழி அடைபட மறு வழியையும், அதுவும் அடைபட வேறொரு வழியையும் நாடினார். செல்வனாய் இட்ட விளக்கையே கூலியாளாயும் இட்டார். நிலை தாழ்ந்தது, பணி தாழவில்லை. வாளா இருந்து காத்திருத்தல் பொறுமையன்று. கையில் உள்ளதைக்கொண்டு இன்றைய விளக்கை இன்று ஏற்றுதலே பொறுமை. திருத்தொண்டர் புராணம் பாடிய சேக்கிழார் பெருமான், இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் (கி. பி. 1133-1150) அரசியலிற் பணிபூண்டவர், விளக்கறங்கள் கல்லில் எழுதப்பட்டு வந்த காலத்து வாழ்ந்தவர். பொருளுடையார் செய்த அறத்தைக் கல் கூறிற்று. பொருளற்றார் செய்த அறத்தைப் புராணம் கூறிற்று.

இவ்விடத்தில் ஒரு தடை எழும். சந்திராதித்தவல் எரிதற்கு வைத்த விளக்குக்கள் இன்று எங்கே? 1279இன் பின் சோழர் ஆட்சி மறைந்தது. 1311இல் மாலிக் காபூரின் படை தமிழ்நாட்டிற் புகுந்தது. அரசுகள் மாறின, அறங்கள் பல இடையிலே முறிந்தன. 96 ஆடுகளும் இல்லை. அவற்றை ஏற்றவர் வழியினரை அறிவாரும் இல்லை. திருப்பணியின்போது கற்கள் இடம்மாறித் தலைகீழாக வைக்கப்பட்ட கோயில்களும் உண்டு. ஒருகாலப் பூசையும் அரிதாகிய சிவாலயங்கள் இன்றும் பல. ஆகவே முன்னோர் நம்பிக்கை பொய்த்ததன்றோ எனின், அன்று.

என்னை? விளக்கு அவியாதிருத்தல் ஒரு சுடர் மாறாதிருத்தல் அன்று என்பது மேலே கண்டது. அவிந்த கோயிலில் மற்றொருவர் வந்து மீண்டும் ஏற்றினார். ஆடு போய் நிலம் வந்தது. நிலம் போய்க் காசு வந்தது. நெடுங்காலம் படிப்பாரின்றிக் கிடந்த கல்வெட்டுக்களும் மீண்டும் வாய்திறந்தன. 1886இல் சென்னை மாகாணக் கல்வெட்டாராய்ச்சிக்கு அமர்ந்த ஹுல்ட்ஸ் என்னும் செருமானிய அறிஞர் முயற்சியால் தென்னிந்தியக் கல்வெட்டுக்கள் முதல் தொகுதி 1890இல் வெளிவந்தது. தஞ்சைக் கல்வெட்டுக்களும் தொடர்ந்து வெளியாயின. பெயர் மறக்கப்பட்ட மன்றாடி ஒருவன் நெய்யளந்த செய்தியை எண்ணூறு ஆண்டின் பின்னர் உலகம் படித்தது. நற்செயல் மறைந்தது போலத் தோன்றும் காலமும் அதன் காலமே என்பது இதனால் விளங்கும்.

சித்தாந்த நெறியில் நோக்குவார்க்கு இதன் உட்பொருள் மேலும் தெளிவாகும். ஆணவ மலம் இருளுக்கு ஒப்பாகக் கூறப்படும். ஒளி வந்தவழி இருள் அடங்குமேயன்றி அழிந்தொழிவதில்லை. அவ்வாறே திருவருள் விளங்கிய வழி மலத்தின் சத்தி மடங்குமேயன்றி மலம் என்னும் பொருள் இல்லையாய்விடாது. விளக்கு அவிந்தால் இருள் மீண்டும் சூழும். ஆகவே ஒருமுறை ஏற்றினேன் என்று அமைதல் கூடாது. நாடோறும் திரி திருத்தி நெய் வார்த்தல் வேண்டும். சிவஞானபோதம் பன்னிரண்டாம் சூத்திரம், ஞானம் கைவந்தார்க்கும் அடியார் வழிபாட்டையும் ஆலய வழிபாட்டையும் வைத்தது இக்கருத்துப் பற்றியே. சிவஞான சித்தியார் திருவிளக்கிடுதலைச் சரியையாகிய தாசமார்க்கத்துள் வைத்துச் சாலோகத்தைப் பயனாகக் கூறும். எளியார்க்கும் இயலும் முதற்படி இதுவே. மேற்படியில் ஏறினாரும் இகழாத படியும் இதுவே.

அன்றாட வாழ்வில் இதனைக் கைக்கொள்ளுதல் எங்ஙனம்? பிராரத்த வினையால் வரும் இன்பதுன்பங்களை விலக்குதல் ஒருவர் கையில் இல்லை. இன்றைக்குரிய உழக்கு நெய்யை அளத்தல் ஒவ்வொருவர் கையிலும் உள்ளது. திருமுறை ஓதத் தொடங்குவார், நூறு பதிகம் என்று தொடங்கிப் பத்து நாளில் விடாமல், ஒரு பதிகம் என்று தொடங்கி வாழ்நாள் முழுதும் ஓதுக. கல்வி பயில்வாரும், தொழில் செய்வாரும், நோயுற்றாரைப் பேணுவாரும் தம்மால் இயலும் அளவை முதலில் அறிந்து, அவ்வளவைக் குறையாது காக்க. தளர்ந்த இடத்தில் இளையதொன்றைக் கொண்டு நிரப்புக. தமக்குப்பின் அதனைக் காப்பாரைப் பழக்குக. இடையில் ஒரு நாள் அவிந்ததாயின், அவிந்தது என்று வருந்தி இருளில் இராமல் மறுநாள் ஏற்றுக.

வெற்றி எது எனின், இன்று அவியாத விளக்கே வெற்றி. அத்தகைய இன்றுகள் பல கூடியதே சந்திராதித்தவல் என்று முன்னோர் எழுதிய காலம். அருகிலுள்ள சிவாலயத்தில் ஒரு விளக்கேனும் ஒரு சந்தியேனும் தவறாது எரியச் செய்வார், அம்முன்னோர் அறத்தின் மந்தையிற் குறைந்த எண்ணிக்கையை நிரப்பினவர் ஆவர்.

திருச்சிற்றம்பலம்.