பயிற்சிக்கு அடங்காத கேள்வித்தாள்

1921-இல் இங்கிலாந்தின் வடகோடியில் உள்ள நார்தம்பர்லாந்து மாவட்டக் கல்வி அதிகாரிகளுக்கு ஒரு சிக்கல். அரசு மானியம் வாங்கும் உயர்நிலைப் பள்ளிகள் தங்கள் இடங்களில் கால் பங்கைத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாமல் தரவேண்டும் என்ற விதி 1907-இலேயே வந்துவிட்டது. அந்த இடங்களுக்குப் போட்டித் தேர்வும் நடந்துகொண்டிருந்தது. ஆனால் ஒதுக்குப்புறச் சிற்றூர்ப் பள்ளிகள் பலவற்றிலிருந்து ஒரு பிள்ளைகூட எழுத வருவதில்லை. அங்கெல்லாம் சூட்டிகையான பிள்ளைகளே பிறக்கவில்லையா, இல்லை, அவர்களைத் தேர்வுக்குத் தயார் செய்ய ஆளில்லையா?

நியூகாசிலில் கல்வியியல் பேராசிரியராக இருந்த காட்ஃப்ரி தாம்சனிடம் இந்தக் கேள்வி போய்ச் சேர்ந்தது. பொருத்தமான ஆள்தான். டைன் ஆற்றங்கரையில் தாயின் அரவணைப்பில் வளர்ந்து, உதவித்தொகை வென்றே மேலே படித்தவர். ஸ்ட்ராஸ்பூர்க்கில் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு உளவியல் பக்கம் வந்தவர். கணக்கையும் கட்டுரையையும் வைத்துச் சோதித்தால், நல்ல வாத்தியார் வாய்த்த பிள்ளைதான் முந்தும் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே பள்ளியில் எவரும் சொல்லித்தராத கேள்விகளாகத் தேடிப் பிடித்துக் கோத்தார். விடை காணும் விதி கேள்வித்தாளிலேயே இருக்கும். வாசிக்கத் தெரிந்தால் போதும், மற்றதைப் பிள்ளை தானே யோசித்துச் செய்யவேண்டும். சிற்றூர்ப் பள்ளிகளில் அந்தத் தாளைக் கொடுத்துப் பார்த்தபோது, யார் கண்ணிலும் படாமல் இருந்த கெட்டிக்காரர்கள் வெளியே வந்தார்கள்.

1925-இல் தாம்சன் எடின்பரோவுக்கு மாறினார். பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி, கூடவே மோரே ஹவுஸ் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் தலைமை. அங்கிருந்து ஆண்டுதோறும் புதிய தாள்கள் வெளிவந்தன. பிரிட்டனின் கல்வி வாரியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ‘மோரே ஹவுஸ் டெஸ்ட்’டுகளை வாங்கத் தொடங்கின. பணம் குவிந்திருக்க வேண்டிய வியாபாரம். ஆனால் தாம்சன் அதில் தனக்கென்று ஒரு பைசா எடுத்துக்கொள்ளவில்லை, ராயல்டி முழுவதையும் ஆராய்ச்சி நிதியில் போட்டார். ‘அறிவுச் சோதனை’ என்று அறிமுகமான தாள்களுக்குப் பிற்பாடு ‘வெர்பல் ரீசனிங்’ என்ற அடக்கமான பெயர் வந்தது.

கேள்விகள் எப்படி இருக்கும்? போட்டித் தேர்வு எழுதிய எவருக்கும் பழகிய முகங்கள்தான். மீனுக்கு நீர் என்றால் பறவைக்கு எது? ஐந்து சொற்களில் கூட்டத்தோடு சேராத ஒன்று எது? பூனையைக் குறிக்கும் ‘கேட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளை அகரவரிசையில் ஒவ்வோர் இடம் முன்னே தள்ளினால் டி, பி, யூ என்று வரும். அதே விதிப்படி நாயைக் குறிக்கும் ‘டாக்’ என்னவாகும்? மேரி ஜானைவிட உயரம், ஜான் டாமைவிட உயரம் என்றால் மூவரில் யார் குட்டை? 1932-இல் பயன்பட்ட 12-ஆம் எண் தாளில் இப்படி 71 கேள்விகள், நேரம் 45 நிமிடம். ஒவ்வொன்றும் எளிதுதான். கடிகாரம்தான் ஆளை அசைக்கும்.

அந்த 1932 தேர்வு தனிக்கதை. ஜூன் 1-ஆம் தேதி, 1921-இல் பிறந்து ஸ்காட்லாந்துப் பள்ளிகளில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் ஏறக்குறைய அனைவரையும் ஒரே நாளில் எழுத வைத்தார்கள். எழுதியவர்கள் 87,498 பேர். ஒரு நாட்டின் ஒரு வயதுப் பிள்ளைகள் அத்தனை பேரையும் இப்படி அளந்தது அதற்கு முன் எங்கும் நடந்ததில்லை. மதிப்பெண் பேரேடுகள் மூலையில் கிடந்தன. 1990-களில் இயன் டியரி, லாரன்ஸ் வாலி என்ற இரு ஆய்வாளர்கள் அவற்றைத் தூசி தட்டி எடுத்தார்கள். சரியாக 66 ஆண்டுகள் கழித்து, 1998 ஜூன் 1 அன்று, 77 வயதான பழைய மாணவர்கள் அபர்டீனில் கூடி அதே தாளை மறுபடியும் எழுதினார்கள். பதினொரு வயதில் முந்தியவர்களில் பெரும்பாலோர் அப்போதும் முந்தினார்கள். முதுமையில் மூளை எப்படி மாறுகிறது என்பதற்கு இன்று உலகம் நாடும் தரவுகளில் சில இந்தப் பள்ளிக்கூடத் தாளிலிருந்து வந்தவை. தாம்சன் கனவிலும் நினைத்திராத பயன்.

அவர் நினைத்த பயன் வேறு திசையில் போனது.

1944 கல்விச் சட்டம் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் கட்டணத்தை ஒழித்தது. கூடவே பிள்ளைகளைப் பதினொரு வயதில் பிரிக்கும் ஏற்பாடும் வேரூன்றியது. ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அல்லது நால்வரில் ஒருவர் கிராமர் பள்ளிக்கு, அங்கிருந்து சிலர் பல்கலைக்கழகத்துக்கு. மற்றவர்களில் பெரும்பாலோர் ‘செகண்டரி மாடர்ன்’ பள்ளிக்கு, அங்கிருந்து பதினைந்து வயதில் தொழிற்சாலைக்கோ கடைக்கோ. பிரிக்கும் கருவி ‘லெவன் பிளஸ்’ என்ற தேர்வு: கணக்கு, ஆங்கிலம், வெர்பல் ரீசனிங். ஒருசில மதிப்பெண்ணில் வாழ்க்கை மாறும் என்றால் பெற்றோர் சும்மா இருப்பார்களா? பயிற்சிப் புத்தகங்கள் அச்சேறின. மாலையில் வீட்டுக்கு வந்து சொல்லித்தர ஆசிரியர்கள் கிடைத்தார்கள். சில தொடக்கப் பள்ளிகள் கடைசி ஆண்டையே இதற்காக ஒதுக்கிவிட்டன. சொல்லித்தர முடியாது என்பதற்காகவே தேர்ந்தெடுத்த கேள்விகள், வகை பிரித்து, குறுக்குவழி சொல்லி, நேரம் வைத்துப் பழக்கும் பாடமாயின. இதில் வியப்பில்லை. சங்கேத எழுத்துக் கேள்வியை முதன்முறை பார்க்கும் பிள்ளை திகைக்கும், பத்தாவது முறை பார்க்கும் பிள்ளை கையாலேயே எண்ணி முடித்துவிடும்.

லண்டன் பேராசிரியர் பிலிப் வெர்னன் 1950-களின் தொடக்கத்தில் இதை வெளிப்படையாகச் சொன்னபோது கலகம் எழுந்தது. பயிற்சியால் மதிப்பெண் 14 புள்ளிவரை ஏறலாம் என்றார் அவர். அதைவிடச் சுவையானது அவர் சொன்ன இன்னொரு செய்தி. ஏற்றத்தின் பெரும்பகுதி முதல் சில மணி நேரப் பயிற்சியிலேயே வந்துவிடுகிறது, அதன்பிறகு மாதக்கணக்கில் மாரடித்தாலும் பலன் சொற்பம். எனவே எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளியிலேயே கொஞ்சம் பயிற்சி கொடுத்துவிடுங்கள், பணம் உள்ளவனின் சலுகை கரைந்துவிடும் என்றார். பல வாரியங்கள் அப்படியே செய்தன. பெற்றோர் மட்டும் அந்த ஆய்வின் முதல் பாதியை நம்பினார்கள், இரண்டாம் பாதியை நம்பவில்லை.

அப்படியானால் வெர்பல் ரீசனிங்கைத் தூக்கி எறிந்தால் ஏழைக்கு நல்லதா? ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் எறிந்து பார்த்தார்கள். 1950-களில் அங்கே அறிவுச் சோதனையை நீக்கியபின், கிராமர் பள்ளிக்குப் போன தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளின் பங்கு கூடவில்லை, குறைந்தது. ஜீன் ஃப்ளவுட், ஏ. எச். ஹால்சி என்ற சமூகவியலாளர்கள் இதைக் கணக்கெடுத்து எழுதினார்கள். ஆசிரியர் பரிந்துரையும் ஆங்கிலத் தாளும் நடுத்தர வர்க்கத்துக்கு இன்னும் அதிகம் சாய்ந்தன. தாம்சனின் தாள் குறைபாடு உள்ளதுதான், ஆனால் இருந்தவற்றில் அதுவே குறைந்த அநியாயம் செய்தது என்று சொல்ல இடமுண்டு. லெவன் பிளஸ்ஸைத் திட்டுவோர் வழக்கமாக இழுப்பது உளவியலாளர் சிரில் பர்ட்டின் பெயரை. இரட்டையர் ஆய்வில் தரவுகளைப் புனைந்தார் என்று 1976-இல் செய்தித்தாளில் குற்றச்சாட்டு வெடித்தபின் அவர் வசதியான வில்லன் ஆகிவிட்டார். அந்தக் கோபத்தில் தாம்சனை எல்லோரும் மறந்துபோனார்கள். எல்லா அறிவுத்திறனுக்கும் அடியில் ஒற்றைச் சக்தி உண்டா என்று 1916-இலேயே கணக்குப்போட்டுக் கேள்வி எழுப்பியவர் அவர்.

பெண் பிள்ளைகள் விஷயம் இன்னும் கூச்சம் தருவது. பதினொரு வயதில் சொற்கேள்விகளில் அவர்கள் கை ஓங்கியிருந்ததால், பல இடங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிப் பட்டியல் போட்டு ஆண்களின் எண்ணிக்கையைக் காப்பாற்றினார்கள். பர்மிங்காமில் கிராமர் இடங்கள் ஆண்களுக்கு 540, பெண்களுக்கு 360. இது பாகுபாடு என்று பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் தீர்ப்புச் சொல்ல 1989 ஆகிவிட்டது.

1965-இல் தொழிற்கட்சி அரசின் கல்வி அமைச்சர் ஆன்டனி கிராஸ்லண்ட் அனுப்பிய சுற்றறிக்கையோடு பெரும்பாலான மாவட்டங்களில் இந்தத் தேர்வு மங்கத் தொடங்கியது. ஆனால் செத்துவிடவில்லை. கென்ட், பக்கிங்காம்ஷயர், லிங்கன்ஷயர் மாவட்டங்களிலும் லண்டனின் சில ஓரங்களிலும் வேறு சில இடங்களிலுமாக 163 கிராமர் பள்ளிகள் நிலைத்துவிட்டன. இடம் சுருங்கியதும் போட்டி இறுகியது. வெர்பல் ரீசனிங் கேள்விகளை 21 வகையாகப் பிரித்துச் சொல்லித்தரும் புத்தகங்கள் இன்று புத்தகக் கடைகளில் தனி அலமாரி.

லண்டன் தமிழருக்கும் இதில் பங்குண்டு. சட்டன், கிங்ஸ்டன் பக்கத்துக் கிராமர் பள்ளிகளுக்காகச் சனி, ஞாயிறுகளில் பிள்ளையை வகுப்புக்குக் கூட்டிப்போகும் ஈழத்துக் குடும்பங்களுக்கு இது புது அனுபவமே அல்ல. இலங்கையில் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்விக் காலத்தில் முளைத்த ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையும் நுண்ணறிவு வினாக்களும் யாழ்ப்பாணத்து ரியூட்டரியும் கண்டவர்கள் அவர்கள்.

பயிற்சியை முறியடிக்கும் ஆசையும் அதிகாரிகளுக்கு விட்டபாடில்லை. பக்கிங்காம்ஷயர் 2013-இல் பழைய தாளைக் கைவிட்டு, டரம் பல்கலைக்கழக மையம் ஒன்று தயாரித்த புதிய தேர்வுக்கு மாறியது. முன்கூட்டிப் பழகுவது கடினம் என்பதே அதன் பெருமையாகச் சொல்லப்பட்டது. கேள்வி வகைகள் தெரியாததால் சொல்வளம் பெருக்கும் வகுப்புகள் முளைத்தன, பயிற்சி இன்னும் சின்ன வயதில் தொடங்கியது. 2018-இல் மாவட்டம் பழைய பாணித் தாளுக்கே திரும்பியது. இப்போது அங்கே அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தேர்வுக்குச் சில நாள் முன் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு மாதிரித் தேர்வு வைக்கிறார்கள்; வெர்னன் கேட்டது ஏறக்குறைய அதைத்தான். அந்தப் பிள்ளைகளில் கணிசமானோர் அதற்கு ஓராண்டு முன்பே வீட்டில் நேரம் வைத்து எழுதிப் பழகத் தொடங்கியிருப்பார்கள்.