சோடாத் தொழிலும் தூய்மையும்: ஒரு வரலாற்று நோக்கு

கைத்தொழிற் புரட்சியின் வரலாறு பெரும்பாலும் பஞ்சாலைகளையும் நீராவிப் பொறிகளையும் முன்னிறுத்தியே எழுதப்பட்டுள்ளது. துணி, கண்ணாடி, சவர்க்காரம் ஆகிய தொழில்களுக்கு இன்றியமையாதிருந்த சோடா உற்பத்தி அதிற் போதிய இடம் பெறவில்லை. எனினும், நச்சுக் கழிவை உமிழ்ந்த ஒரு தொழில் எவ்வாறு, எவர் பொருட்டுத் தூய்மையடைந்தது என்பதை இவ்வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

1791 இல் பிரான்சில் நிக்கொலா லெபிளாங்கு காப்புரிமை பெற்ற முறையில், உப்பு சல்பூரிக்கமிலத்துடன் வெப்பமேற்றப்பட்டது. அதனாற் பெற்ற சோடியஞ் சல்பேற்று, சுண்ணக்கல்லுடனும் நிலக்கரியுடனும் உலையிலிடப்பட்டுச் சோடாவாகியது. முதற்படியில் ஐதரோக்குளோரிக்கமில வாயு வளியிற் கலந்தது. இரண்டாம் படியில் எஞ்சிய கல்சியஞ் சல்பைட்டுக் குவியல்கள் அழுகிய முட்டையின் நாற்றத்தை வீசின. 1820களில் ஜேம்ஸ் மஸ்பிராற்று இலிவர்பூலில் இம்முறையைப் பேரளவில் கைக்கொண்டபின், அயலிலுள்ள மரங்களும் பயிர்களும் கருகின. உயர்ந்த புகைபோக்கிகள் கட்டப்பட்டன. அவை நச்சினைக் குறைக்கவில்லை, தொலைவுக்குப் பரப்பின.

1836 இல் வில்லியம் கொசேஜ், கோபுரமொன்றினுள் நீரை வழியவிட்டு அவ்வாயுவைக் கரைக்கும் வழியைக் கண்டார். பரிகாரம் தெரிந்திருந்தும் பலர் அதனை நாடவில்லை. நாடியோரிற் சிலர் அமில நீரை ஆறுகளில் விட்டனர். நிலவுடைமையாளரின் முறைப்பாடுகள் பிரபுக்கள் சபையை எட்டிய பின்னரே, 1863 இல் காரச் சட்டம் பிறந்தது. வாயுவில் 95 வீதத்தையேனும் ஒடுக்கவேண்டுமென அது விதித்தது. இவ்வாறு சேர்ந்த அமிலத்திலிருந்து குளோரினைப் பெறும் முறைகளை வெல்டனும் டீக்கனும் வகுத்தனர். வெளிற்றும் தூள் விற்பனைப் பண்டமாயிற்று. கழிவே இலாபமாக மாறியது.

ஆயினும் அச்சட்டம் ஆலைக்கு வெளியேயுள்ள வளியையே காத்தது. குளோரின் நிறைந்த அறைகளில் வெளிற்றும் தூளை அள்ளிய தொழிலாளர், வாயையும் மூக்கையும் கம்பளித் துணியாற் சுற்றிக் கொண்டே உழைத்தனர். நிலவுடைமையாளருக்கிருந்த அரசியற் செல்வாக்கு அவர்களுக்கு இருக்கவில்லை.

இதற்கிடையில், பெல்ஜியத்தில் ஏர்ணஸ்ட் சொல்வே 1861 இல் புதியதொரு முறைக்குக் காப்புரிமை பெற்றார். உப்புநீர், சுண்ணக்கல், அமோனியா ஆகியவற்றைக் கொண்ட அம்முறையில் அமில வாயுவும் இல்லை, சல்பைட்டுக் குவியலும் இல்லை. அமோனியா மீளப்பெற்று மீண்டும் பயன்படுத்தப்பட்டது. எஞ்சிய கல்சியங் குளோரைட்டு மட்டும் கழிவாகவே நின்றது. 1873 இல் புறூணரும் மொண்டும் இதனை இங்கிலாந்தில் தொடங்கினர். விலைப் போட்டிக்கு ஆற்றாத லெபிளாங்கு உற்பத்தியாளர் 1890 இல் ஒன்றிணைந்தும், அம்முறை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மறைந்தது.

சொல்வே முறையை வெற்றிபெறச் செய்தது அதன் தூய்மையன்று, மலிவே என்பது மறுக்கவியலாதது. ஆனால், அம்மலிவு சந்தையை வெல்லும்வரை கருகிய வயல்களுக்குத் துணைநின்றது சட்டமே. அத்துணை ஆலைக்குள் உழைத்தோருக்குக் கிட்டவில்லை என்பதனையும் சேர்த்தெழுதும்போதே, தூய உற்பத்தியின் வரலாறு முழுமை பெறும்.