டி.பி. மாத்திரையும் மீன் குழம்பும்: மருந்தோடு மோதும் உணவுகள்

"இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்லி மருந்தைப் பாதியில் நிறுத்துபவர்கள் நம் குடும்பங்களில் பலர் உண்டு. தலைவலியும் வாந்தியும் வந்ததும் பழி மாத்திரையின் மேல் விழுகிறது. அன்று என்ன சாப்பிட்டோம் என்று யாரும் யோசிப்பதில்லை. சில நோய்களில் இதனால் வரும் இழப்பு ஓரளவுதான். காசநோயில் அப்படியல்ல. பாதியில் விட்டால் நோய் திரும்பும், கிருமியும் மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும். ஆகவே அதையே முதலில் எடுத்துக்கொள்கிறோம்.

காசநோய்க்கு அரசு மருத்துவமனைகளில் இலவசமாகத் தரும் கூட்டு மாத்திரையில் ஐசோனியசிட் என்ற மருந்து இருக்கிறது. வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். நோயாளியுடன் ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கும் தடுப்பு மருந்தாக இதைக் கொடுப்பதுண்டு. இந்த மருந்தும் சில மீன்களும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை இலங்கையில்தான் தெளிவாகக் கண்டார்கள். ஐசோனியசிட் எடுத்துவந்த நோயாளிகள் சூரை மீன் சாப்பிட்டபின் முகம் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்ததை மருத்துவர்கள் உரகொடவும் கோட்டேகொடவும் 1977இல் மருத்துவ இதழில் எழுதினார்கள்.

காரணம் இதுதான். சூரை, அயிலை, மத்தி போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் அதிகம். பிடித்த மீனை ஐஸ் இல்லாமல் வைத்தால் கிருமிகள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். சாதாரணமாக நம் குடலில் உள்ள ஒரு நொதி அந்த ஹிஸ்டமினை உடைத்துவிடுகிறது. ஐசோனியசிட் அந்த நொதியின் வேலையைத் தடுக்கிறது. அதனால்தான் ஒரே சட்டிக் குழம்பைச் சாப்பிட்ட வீட்டாருக்கு ஒன்றும் ஆகாமல், மாத்திரை எடுப்பவருக்கு மட்டும் உடம்பு சிவந்துபோகிறது. அவருக்கு மாத்திரை மேல் சந்தேகம் வருவது இயல்புதானே!

இந்த ஹிஸ்டமின் எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது. மீன் நாறாமலும் இருக்கலாம். திருத்தணி வட்டாரத்தில் உள்ளவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். மணவூர் சென்னை - அரக்கோணம் ரயில் பாதையில் கடலை விட்டுத் தள்ளி இருக்கும் ஊர். கடல்மீன் இங்கே ஐஸ் பெட்டியில்தான் வந்து சேரவேண்டும். வழியில் எத்தனை மணி நேரம் ஐஸ் இல்லாமல் கிடந்தது என்று கூடையைப் பார்த்துச் சொல்ல முடியாது. மாசியும் சூரையைக் காயவைத்துச் செய்வதுதான் என்பதால் மாசிச் சம்பலும் இதில் சேரும்.

எனவே டி.பி. மாத்திரை எடுக்கும் காலத்தில் சூரை, அயிலை, மத்தி, மாசி வேண்டாம். ஐஸ் இல்லாமல் விற்கும் எந்தக் கடல்மீனும் வேண்டாம். காசநோயாளிக்குச் சத்து மிகவும் தேவை. அதைக் கோழி, முட்டை, பருப்பு என்று கொடுக்கலாம். மீன் சாப்பிட்டபின் மேலே சொன்ன அறிகுறிகள் வந்தால் உடனே மருத்துவரிடம் போய், என்ன சாப்பிட்டீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மூச்சுத் திணறினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். (சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். அது கூட்டு மாத்திரையில் உள்ள ரிஃபாம்பிசினின் நிறம், கெடுதல் இல்லை.)

நம் வீடுகளில் பரவலாக இருக்கும் மற்ற மருந்துகளில் பெரும்பாலானவற்றுக்கு உணவைக் கைவிட வேண்டியதில்லை, நேரத்தை மாற்றினால் போதும். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீருடன் போட்டு, டீ, காபி, பால், நாஷ்டா எல்லாம் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். கர்ப்பிணிகள் இரும்புச்சத்து மாத்திரையை டீயுடன் விழுங்கினால் சத்தில் ஒரு பகுதி உடம்பில் சேராமலே போகும். எலுமிச்சை ஜூஸ் உதவும். டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளைப் பாலோடும் தயிரோடும் சேர்த்து எடுக்கக் கூடாது.

இதய வால்வு மாற்றியவர்கள் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் எடுப்பார்கள். முருங்கை, பசலை போன்ற கீரைகளில் உள்ள வைட்டமின் கே அதற்கு எதிராக வேலை செய்யும். இதைக் கேட்டதும் கீரையையே ஒதுக்குகிறார்கள், அதுவும் சரியல்ல. திடீரென்று நிறுத்தினாலும் மருந்தின் வேகம் கூடி ரத்தக்கசிவு வரலாம். கோங்குரா இல்லாமல் வாரம் நகராத ஆந்திர எல்லையோர வீடுகளில், வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவு கீரை என்று வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஏற்றது. ஐ.என்.ஆர். பரிசோதனையைத் தவறவிடக் கூடாது.

டெல்மிசார்டன், எனலாபிரில் போன்ற பிரஷர் மாத்திரைகள் உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கும். சிறுநீரகமும் பலவீனமாக இருந்தால் தினமும் இளநீர் குடிப்பதும், "சோடியம் குறைந்த உப்பு" வாங்குவதும் ஆபத்து. அந்த உப்பில் சோடியத்துக்குப் பதில் இருப்பது பொட்டாசியம். இருமலுக்கு நாள்கணக்கில் அதிமதுரம் சாப்பிட்டால் பிரஷரே ஏறிவிடும்.

கொலஸ்ட்ரால் மாத்திரை எடுப்பவர்கள் பம்ப்ளிமாஸ் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். அதன் உறவான கிரேப்ஃப்ரூட் சாறு மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றுகிறது என்பதை 1989இல் கனடாவில் வேறொரு ஆய்வின்போது தற்செயலாகக் கண்டார்கள். இங்கே நேரம் மாற்றிப் பயனில்லை, தாக்கம் ஒரு நாளுக்கு மேல் நீடிக்கும்.

கருஞ்சீரகத்தின் சிறப்பை நாம் அறிவோம். ஆனால் அதுவும் வெந்தயமும் பாகற்காய்ச் சாறும் சர்க்கரையைக் குறைக்கக்கூடியவை. மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டே அவற்றையும் அதிகமாகச் சாப்பிட்டால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். சாப்பிடுவதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

ரமலானில் இந்த நேரக் கணக்குகள் எல்லாமே மாறும். தைராய்டு மாத்திரையைச் சஹருக்கு அரை மணி நேரம் முன்போ, இரவு சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்தோ எடுக்கலாம். சர்க்கரை, டி.பி., பிரஷர் மருந்துகளின் நேரத்தையும் அளவையும் நோன்பு தொடங்குவதற்கு ஓரிரு மாதம் முன்பே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். போகும்போது வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள், நாட்டு மருந்துப் பொட்டலங்களையும் சேர்த்து.