நிறுத்தி வைத்த காரில் பேட்டரி இறங்குதல்: காரணம் அறியும் முறை

ஓடும்போது எந்தக் குறையும் காட்டாத கார், ஓரிரு நாள் நிறுத்தி வைத்தபின் செல்ஃப் எடுக்காமல் போவதையே பேட்டரி இறங்கிவிட்டது என்கிறோம். சாவியை எடுத்த பிறகும் வண்டிக்குள் ஏதோ ஒரு பாகம் மின்சாரத்தை இழுத்துக்கொண்டிருப்பது இதற்கு ஒரு காரணம். பேட்டரி உள்ளுக்குள்ளேயே சார்ஜை இழப்பதும், ஓடும்போது போதிய சார்ஜ் ஏறாததும் மற்ற இரண்டு. மூன்றுக்கும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றுதான்: சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்ற ஓசை, மங்கிப்போகும் டேஷ்போர்டு விளக்கு. அறிகுறி ஒன்றாக இருப்பதால் மருந்தும் ஒன்றாகிவிட்டது. ‘பேட்டரி போயிடுச்சு, மாத்திடுங்க’ என்பதோடு ஆய்வு முடிந்துவிடுகிறது. செஞ்சி போன்ற வெயில் ஊரில் அந்த முடிவுக்குத் துணையாகச் சூரியனையும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆனால் பேட்டரி இறங்கியது ஒரு விளைவு மட்டுமே. எவ்வளவு மின்சாரம், எவ்வளவு நேரத்தில், எந்த வழியாகப் போனது என்று அளந்த பிறகுதான் காரணத்தைப் பற்றிப் பேச முடியும்.

முதல் அளவுகோல் மீட்டர் அல்ல, நேரம். சிறிய பெட்ரோல் கார் ஒன்றின் பேட்டரியை 35 ஆம்பியர்-மணி என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதி போனாலே செல்ஃப் தடுமாறத் தொடங்கும். செஞ்சியின் ராஜகிரிக் கோட்டை அடிவாரத்தில் ஹெட்லைட்டை அணைக்காமல் காரை விட்டுவிட்டு மலை ஏறினால், 55 வாட் பல்புகள் இரண்டும் சேர்ந்து சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். இரண்டு மணி நேரத்தில் பாதி காலி. டிக்கி விளக்கு அணையாமல் நின்றுவிட்டால் அது 5 வாட் பல்பு, ஏறக்குறைய 0.4 ஆம்பியர்; இரண்டு நாள் தாங்காது. எந்தப் பழுதும் இல்லாத காரிலும் கடிகாரம், பூட்டு, அலாரம், கணினிப் பெட்டிகளின் நினைவகம் ஆகியவை 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை எப்போதும் எடுத்துக்கொண்டிருக்கும். 50 மில்லி ஆம்பியர் என்றால் நாளுக்கு 1.2 ஆம்பியர்-மணி, பதினைந்து நாளில் பாதி. 2020 மார்ச் 25-இல் தொடங்கிய 21 நாள் ஊரடங்கில் வாசலிலேயே நின்ற கார்கள் பல கிளம்ப மறுத்ததற்கு இந்தக் கணக்கே போதும். அங்கே பழுதென்று தேட எதுவும் இல்லை. ஆகவே ‘எத்தனை நாள் நின்றது?’ என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. மணிக்கணக்கில் இறங்கினால் பெரிய சுமை ஒன்று எரிந்துகொண்டிருக்கிறது. ஓரிரு இரவில் இறங்கினால் சில நூறு மில்லி ஆம்பியர் கசிகிறது, அல்லது பேட்டரியே கெட்டிருக்கிறது. மூன்று வாரம் கழித்து இறங்கினால் அது இயல்பு.

இந்தக் கணக்கை வைத்து வெயிலின் மேல் வரும் குற்றச்சாட்டையும் எடை போடலாம். பாறைக் குன்றுகள் சூழ்ந்த செஞ்சியில் கத்திரி வெயிலில் நிற்கும் காரின் பானெட்டுக்குள் 45 பாகை செல்சியஸ் இருக்கிறது என்றே கொள்வோம். ஈய-அமில பேட்டரி 25 பாகையில் மாதத்துக்கு 3 முதல் 5 சதவீதம் வரை தானாக இழக்கும். ஒவ்வொரு 10 பாகை உயர்வுக்கும் அந்த இழப்பு ஏறத்தாழ இரட்டிக்கும். அப்படியானால் 45 பாகையில் அதிகபட்சம் 20 சதவீதம், அதாவது மாதம் 7 ஆம்பியர்-மணி. இதைத் தொடர் மின்னோட்டமாக மாற்றினால் 10 மில்லி ஆம்பியருக்குச் சற்றே குறைவு. நல்ல பேட்டரியை இரண்டே இரவில் காலியாக்கும் வலு இதற்கு இல்லை. வெயில் செய்யும் தீங்கு வேறு வகையானது. அது நீரை வற்றச் செய்யும், தகட்டுச் சட்டங்களை அரிக்கும், பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும். 35 ஆம்பியர்-மணி கொண்ட பேட்டரி சில கோடைகளுக்குப் பின் 20-க்குச் சுருங்கியிருக்கலாம். அப்போது வெகுநாளாகவே இருந்த ஒரு சிறு கசிவு திடீரென்று கண்ணுக்குத் தெரிகிறது.

புது பேட்டரி போட்டதும் பிரச்சினை தீர்ந்ததுபோல் தோன்றுவதும் இதனால்தான். வண்டியில் 100 மில்லி ஆம்பியர் கசிவு இருந்தால் நாளுக்கு 2.4 ஆம்பியர்-மணி போகும். சுருங்கிய பழைய பேட்டரி நான்கு நாளில் பாதியாகும். புதியது ஏழு நாள் தாங்கும். ஐந்து நாளுக்கு ஒருமுறை வண்டி எடுப்பவருக்கு இது முழுக் குணம் போலவே தெரியும். கசிவோ அப்படியே இருக்கிறது. அரைகுறை சார்ஜில் நாள்கணக்கில் நிற்கும் பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப்படும். புதியதும் காலத்துக்கு முன்பே பழையதாகும். பழைய பேட்டரியை மாற்றியது தவறென்று இங்கே சொல்லவில்லை. அந்த மாற்றம் எதையும் நிரூபிக்கவில்லை என்பதே கருத்து.

மூன்று காரணங்களையும் பிரித்தறிய எளிய வழி இருக்கிறது. பேட்டரியைச் சார்ஜரில் முழுதாக ஏற்றி, சில மணி நேரம் ஆறவிட்டுப் பார்த்தால் 12.6 வோல்ட் இருக்க வேண்டும், 12.2 ஏறக்குறைய பாதி, 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்டக் காலி. பிறகு எர்த் டெர்மினலைக் கழற்றிவிட்டு ஓர் இரவு விடவேண்டும். கழற்றிய நிலையிலும் வோல்ட் சரிந்தால் குற்றம் பேட்டரியினுடையது. கழற்றினால் நிற்கிறது, மாட்டினால் இறங்குகிறது என்றால் வண்டி இழுக்கிறது. இஞ்சின் ஓடும்போது டெர்மினலில் சுமார் 13.8 முதல் 14.5 வோல்ட் வந்தால், பட்டறையில் டைனமோ என்று சொல்லும் ஆல்டர்நேட்டர் வேலை செய்கிறது. புதிய கார்கள் சிலவற்றில் கணினி இந்த அளவைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும். ஒரு நொடிப் பார்வையில் தீர்ப்பளிக்கக் கூடாது.

வண்டிதான் இழுக்கிறது என்றால், எவ்வளவு என்று அளக்க வேண்டும். மல்டிமீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வைத்து, எர்த் கேபிளுக்கும் டெர்மினலுக்கும் நடுவே தொடராக இணைப்பார்கள். அந்நிலையில் சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்யவே கூடாது. மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். பலர் சறுக்குவது பொறுமையில்தான். கதவைத் திறந்தாலோ ரிமோட்டை அழுத்தினாலோ கணினிப் பெட்டிகள் விழித்துக்கொண்டு சில ஆம்பியர்கள் வரை இழுக்கும். அவை உறங்க அரை மணி, சில வண்டிகளில் ஒரு மணி நேரம்கூட ஆகும். இணைத்தவுடன் தெரியும் எண்ணைப் பார்த்துக் கசிவென்று முடிவு கட்டினால் நல்ல ஒயரிங்கைப் பிரித்துப்போட நேரும். உறங்கிய பின்னும் 100 மில்லி ஆம்பியருக்கு மேல் நின்றால் பழுது உறுதி. அடுத்து ஃபியூஸ்களைப் பிடுங்கிப் பார்ப்பது பழைய வழக்கம். திரும்பச் செருகும்போது உறங்கியவை மறுபடி விழிக்கும். பிடுங்காமல் ஒவ்வொரு ஃபியூஸின் இரு முனைகளிலும் மில்லிவோல்ட் பார்ப்பது மேல். 10 ஆம்பியர் ஃபியூஸில் 1 மில்லிவோல்ட் தெரிந்தால், அந்த வழியில் சுமார் 130 மில்லி ஆம்பியர் ஓடுகிறது. எல்லா ஃபியூஸும் பூஜ்யம் காட்டியும் கசிவு தொடர்ந்தால், ஆல்டர்நேட்டரின் தடித்த ஒயரைச் சோதிக்க வேண்டும். அதனுள் இருக்கும் டயோடு பழுதானால் நிற்கும் வண்டியிலும் மின்சாரம் பின்னோக்கிப் பாயும்.

பிறகு சேர்த்த கருவிகளை முதலில் சந்தேகிப்பது நியாயம். சாவியோடு அணைய வேண்டிய ஸ்டீரியோ ஒயரை நேரடி மின்வழியில் முறுக்கிவிடுவது, டேஷ்கேமராவை எப்போதும் எரியும் வழியில் மாட்டுவது ஆகியவை அடிக்கடி காணப்படுபவை. 2019 ஜனவரி 1 முதல் புதிதாகப் பதிவாகும் வாடகைக் கார்களில் இருப்பிடங்காட்டும் கருவி கட்டாயம். திருவண்ணாமலைக்கும் திண்டிவனத்துக்கும் ஓடும் டாக்சிகளில் அதன் இழுவையையும் கணக்கில் கொள்ள வேண்டும். கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக் மீது வரும் சந்தேகத்துக்கு மட்டும் அடிப்படையில்லை. அது வண்டியின் ஒயரிங்கோடு இணைவதே இல்லை.

இத்தனை பாடு எதற்கு, இரவில் எர்த்தைக் கழற்றி வைத்தால் போதாதா என்பார்கள். வண்டி மாதக்கணக்கில் நிற்கப்போகிறது என்றால் போதும், அதுவே சரி. தினமும் ஓடும் வண்டியில் அலாரமும் நினைவகமும் போய்விடும். கசியும் ரிலேயோ ஒயரோ சூடாகி வேறு ஆபத்தைத் தரவும் கூடும். இன்னொரு மறுப்பு வலுவானது: விட்டுவிட்டு வரும் கசிவு, அளக்கும் நேரத்தில் ஒளிந்துகொள்ளும். உண்மை. ஒட்டிக்கொள்ளும் ரிலே ஒன்று நான்கு நாள் ஒழுங்காக இருந்து ஐந்தாம் நாள் வம்பு செய்யும். அதற்காக அளப்பதை விட்டுவிட முடியாது; மறுபடியும், நீண்ட நேரத்துக்கும் அளக்க வேண்டும். பேட்டரி கடையில் பணம் கட்டும் முன், வண்டி உறங்கிய நிலையில் எத்தனை மில்லி ஆம்பியர் என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள்; அந்த எண் கிடைக்கும்வரை பழையதை மாற்றச் சம்மதிக்காதீர்கள்.